படத்தில் தெரிவதும் இடுப்பில் வலிப்பதும்

இடுப்பு வலி என்று வருகிறவரிடம் அந்தக் கால டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலி கால்ல இறங்குதா?" என்பது. இறங்குகிறது என்றால் விசாரணை நீளும். எந்தக் கால்? தொடையின் பின்புறமா, வெளிப்புறமா? மரத்துப்போவது பெருவிரலா, சுண்டுவிரலா? இருமினால், தும்மினால், மலம் கழிக்க முக்கினால் சுரீரென்று கூடுகிறதா? நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்றுபோகிறதா? பிறகு மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மெல்ல உயர்த்துவார். முப்பது நாற்பது டிகிரியிலேயே வலி தொடையைத் தாண்டிக் கீழே ஓடினால், நரம்பின் வேர் எங்கோ இழுபடுகிறது என்று கணக்கு. குதிகாலால் நடக்கச் சொல்வார், நுனிக்காலால் நடக்கச் சொல்வார். ரப்பர் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழும் கணுக்காலுக்குப் பின்னும் தட்டிப் பார்ப்பார். பெருவிரலை மேலே தூக்க வலுவில்லை என்றால் ஐந்தாம் இடுப்பு நரம்பு. நுனிக்காலால் எழும்ப முடியவில்லை, கணுக்காலில் தட்டினால் பாதம் துள்ளவில்லை என்றால் அதற்கு அடுத்த கீழ் நரம்பு. எந்த இயந்திரமும் இல்லாமல், கால்மணி நேரத்தில், கோளாறு எந்த மட்டத்தில் இருக்கிறது என்று ஓரளவு சொல்லிவிட முடிந்தது.

அது என்ன கோளாறு என்று சொல்லத்தான் வழியில்லை.

இன்று வரிசை மாறிவிட்டது. நோயாளி உள்ளே நுழையும்போதே கையில் நீளமான ஸ்கேன் கவர் இருக்கிறது. அதை உருவி, ஃபிலிமை வெளிச்சப் பெட்டியில் மாட்டிவிட்டுத்தான் பேச்சே தொடங்குகிறது. எல்4, எல்5 என்ற எழுத்துகள் சித்தாள் வேலைக்குப் போகிறவருக்கும் லாரி ஓட்டுகிறவருக்கும் நாள் முழுக்கத் தையல் மிஷினில் குனிந்திருப்பவருக்கும் பழகிவிட்டன. "ஜவ்வு விலகிடுச்சு", "ஜவ்வு தேஞ்சுபோச்சு" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். முதுகுத்தண்டின் உள்ளே இருப்பதைப் பார்ப்பதில் மருத்துவம் இந்த நூறு ஆண்டுகளில் போன தூரம் மலைக்கவைப்பது. ஆனால் பார்த்ததில் எது வலிக்கிறது என்ற கேள்விக்கு விடை இன்னும் நோயாளியின் வாயிலும் டாக்டரின் கையிலும்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பர் 8-ஆம் தேதி ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்ததும் கை கால் எலும்புகள் உடனே படத்தில் தெரிந்தன. இடுப்பு அப்படி இல்லை. உடம்பின் தடிமனான பகுதி அது; அன்றைய குழாய்களின் கதிர் அதைக் கடந்து ஃபிலிமில் பதிய நெடுநேரம் பிடித்தது. படம் தெளிவாக வரத் தொடங்கிய பிறகும் அதில் தெரிந்தது எலும்பு மட்டும். இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வு, அதாவது டிஸ்க், எக்ஸ்ரேயில் வெறும் இடைவெளி. நரம்பு சுத்தமாகத் தெரியாது. கண்ணுக்குத் தெரிகிற இடத்தில்தான் பழி விழும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடுப்பு வலி, கால் வலி இரண்டுக்கும் குற்றவாளியாகப் பலர் சொன்னது, இடுப்பெலும்பு முதுகுத்தண்டோடு சேரும் மூட்டை. அந்த மூட்டை அசையாமல் இணைத்துவிடும் ஆபரேஷன்களும் நடந்தன.

அடுத்த வாசல் தற்செயலாகத் திறந்தது. பாரிஸில் சிக்கார், ஃபோரஸ்டியே என்ற இரு மருத்துவர்கள் அயோடின் ஏற்றிய கசகசா எண்ணெயை வலிக்கு மருந்தாக முதுகுத் தசையில் ஊசி போட்டு வந்தார்கள். 1921 வாக்கில் ஒருமுறை ஊசி தவறித் தண்டுவட உறைக்குள் போய்விட்டது. எக்ஸ்ரே திரையில் பார்த்தால், எண்ணெய் அந்தக் குழாய்க்குள் தங்குதடையின்றி இறங்கிக்கொண்டிருந்தது. அயோடின் எக்ஸ் கதிரை மறிப்பதால், எண்ணெய் போகும் வழி முழுவதும் தெளிவாகத் தெரிந்தது. வழியில் எங்காவது அது தேங்கினாலோ ஒதுங்கினாலோ அந்த இடத்தில் ஏதோ அழுத்துகிறது என்று பொருள். மயலோகிராம் என்ற பரிசோதனை பிறந்தது இப்படித்தான்.

அழுத்துவது என்ன? அறுத்துப் பார்த்தபோது குருத்தெலும்பு போன்ற சிறு துண்டுகள் கிடைத்தன. கட்டி என்று பெயர் எழுதி ஜாடியில் போட்டு வைத்தார்கள். பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் மிக்ஸ்டர் என்ற நரம்பு அறுவை மருத்துவரும் பார் என்ற எலும்பு மருத்துவரும் அந்தப் பழைய ஜாடிகளைத் திரும்ப எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்கள். பெரும்பாலானவை கட்டியே அல்ல. கிழிந்த டிஸ்கிலிருந்து பிதுங்கி வந்த துண்டுகள். அவர்களுடைய கட்டுரை 1934 ஆகஸ்டில் வெளிவந்தது. காலில் இறங்கும் வலிக்குக் கண்ணால் காணக்கூடிய காரணம் ஒன்று முதல்முறையாக உறுதிப்பட்டது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பர்னார்ட் கதிரியக்க நிறுவனம் திறக்கப்பட்டதும் அதே 1934-இல்தான்.

மயலோகிராம் எடுத்துக்கொண்டவர்களின் தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. நம் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் 1980கள் வரை அதுதான் வழி. நோயாளியைக் குனியவைத்து முதுகில் நீளமான ஊசியைச் செலுத்தி, கொஞ்சம் தண்டுவடத் திரவத்தை எடுத்துவிட்டு அயோடின் எண்ணெயை ஏற்றுவார்கள். 1940களுக்குப் பிறகு பான்டோபேக் என்ற எண்ணெய் பரவலாக இருந்தது. பிறகு நோயாளியைச் சாயும் மேசையில் கட்டிப் படுக்கவைத்து, தலைப்பக்கம் உயர, கால்பக்கம் உயர, மேசையை மாற்றி மாற்றிச் சாய்ப்பார்கள். எண்ணெய் மேலும் கீழும் ஓடும். இருட்டறையில் மங்கலான திரையில் அதன் ஓரத்தை டாக்டர் கண்ணிமைக்காமல் பார்ப்பார். ஒரு பக்கம் விரலால் அழுத்தியதுபோல் உள்வாங்கியிருந்தால், அங்கே ஜவ்வு. முடிந்ததும் அதே ஊசி வழியாக எண்ணெயைத் திரும்ப உறிஞ்சி எடுக்க வேண்டும். முழுவதும் வராது. தங்கிய துளிகள் ஆண்டுக்கணக்கில் உள்ளேயே கிடக்கும். சிலருக்கு நரம்பு வேர்களைச் சுற்றிய சவ்வு அழன்று, நரம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வந்த வலியைவிடப் பெரிய வலி நிரந்தரமாகத் தங்கியது. பரிசோதனை முடிந்து சில நாட்கள் தலை தூக்க முடியாத தலைவலி பலருக்கு உண்டு. இத்தனைக்கும் கடைசி முள்ளெலும்புக்குக் கீழே, தண்டுவட உறைக்கும் டிஸ்குக்கும் நடுவே இடம் அதிகமாக இருந்துவிட்டால், பிதுக்கம் உறையைத் தொடாது. மயலோகிராம் 'ஒன்றுமில்லை' என்று சொல்லிவிடும்.

இவ்வளவு துன்பம் கொடுக்கும் பரிசோதனையை யாரும் விளையாட்டாக எழுதித்தர மாட்டார்கள். ஆபரேஷன் செய்வது என்று ஏறக்குறைய முடிவான பிறகு, எந்த இடத்தில் அறுப்பது என்று தெரிந்துகொள்ள எடுத்தார்கள். அதற்கு முன்னால் கேட்பதும் தொட்டுப் பார்ப்பதும் முழுதாக நடந்திருக்கும். பழைய முறையில் நான் மதிக்கிற ஒரே அம்சம் இது. மற்றபடி அந்தக் காலத்துக்காக ஏங்க ஒன்றுமில்லை.

சிடி ஸ்கேனைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். லண்டனின் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் 1971 அக்டோபர் 1-ஆம் தேதி ஹவுன்ஸ்ஃபீல்ட் என்பவர் உருவாக்கிய இயந்திரம் முதல் நோயாளியின் மூளையைப் படமெடுத்தது. சில ஆண்டுகளில் முழு உடம்பையும் எடுக்கும் இயந்திரங்கள் வந்தன. ஊசி இல்லாமலே ஜவ்வின் பிதுக்கம் குறுக்குவெட்டாகத் தெரிந்தது. எலும்பின் நுணுக்கத்துக்கு இன்றும் அதுதான் சிறந்தது.

எம்ஆர்ஐ வேறு வகை. அதில் எக்ஸ் கதிரே இல்லை. உடம்பின் தண்ணீரிலும் கொழுப்பிலும் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கரு, வலுவான காந்தப்புலத்தில் வானொலி அலையால் தூண்டப்பட்டு, திரும்ப அடங்கும்போது கொடுக்கும் சைகையிலிருந்து படம் உருவாகிறது. லாட்டர்பர் என்ற விஞ்ஞானி 1973-இல் வழி காட்டினார். 1977-இல் டமாடியன் என்பவரின் குழு ஒரு மனித நெஞ்சைப் படமெடுக்கக் கிட்டத்தட்ட 5 மணி நேரம் ஆனது. இன்று இடுப்புப் பகுதிக்கு அரைமணி நேரம் போதும். வழக்கமான 1.5 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைப்போல ஏறத்தாழ 30,000 மடங்கு. முதுகுத்தண்டுக்கு இது ஏன் பெரிய வரம் என்றால், ஆரோக்கியமான டிஸ்கின் நடுப்பகுதி பெரும்பாலும் தண்ணீர். படத்தில் அது வெள்ளையாக மினுங்கும். தண்ணீர் வற்றிய டிஸ்க் கறுத்துத் தெரியும். நரம்பு வேர், உறை, எலும்பு மஜ்ஜை, தசை எல்லாமே தனித்தனியாகத் தெரியும். நம் ஸ்கேன் சென்டர்களில் உள்ளே போகும் முன் தாலிச் சரடைக் கழற்றி, அதில் கோத்த ஊக்குகளையும் எடுத்து, மஞ்சள் கயிற்றை மட்டும் கட்டிக்கொண்டு போகும் அம்மாக்களைப் பார்த்திருப்போம். கொலுசு, மெட்டி, காசு என எல்லாம் வெளியே. உள்ளே டமடமவென்ற சத்தத்தில் அசையாமல் படுத்திருப்பது எளிதல்ல. ஆனால் முதுகில் எண்ணெய் ஏற்றிய காலத்தோடு ஒப்பிட்டால், அது துன்பமே அல்ல.

இந்த இயந்திரம் நம் நாட்டுக்குக் கொடுத்த மிகப் பெரிய நன்மை ஜவ்வு விஷயத்தில் அல்ல, காசநோய் விஷயத்தில் என்பேன். முதுகெலும்பைத் தாக்கும் காசநோயை 1779-இலேயே பெர்சிவல் பாட் என்ற ஆங்கிலேய மருத்துவர் விவரித்தார். முதுகில் கூன் விழுந்து, கால்கள் விழுந்த பிறகு கண்டுபிடிப்பதே பல காலம் வழக்கமாக இருந்தது. எக்ஸ்ரே வந்த பிறகும், ஒரு முள்ளெலும்பின் சுண்ணாம்புச் சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைந்த பின்தான் படத்தில் குறை தெரியும். அதற்குள் சீழ் தசைக்குள் இறங்கியிருக்கும். எம்ஆர்ஐயில் எலும்பு மஜ்ஜை வீங்கும் கட்டத்திலேயே மாற்றம் தெரிந்துவிடுகிறது. படம் பார்த்துச் சந்தேகப்படும் இடத்தில், சிடி ஸ்கேன் வழிகாட்ட ஊசியால் துளி திசு எடுத்து, கிருமியையும் அது எந்த மருந்துக்கு அடங்காது என்பதையும் சோதித்துவிட முடிகிறது. சென்னைக் காசநோய் ஆய்வு மையத்தில் 1970களில் தொடங்கிய ஆய்வு, முதுகெலும்புக் காசநோயாளிகள் பலரை ஆபரேஷன் இல்லாமல், படுக்கையிலும் போடாமல், 6 அல்லது 9 மாத மாத்திரைகளாலேயே குணப்படுத்தலாம் என்று காட்டியது. மருந்து நம்மிடம் இருந்தது; நேரத்தோடு கண்டுபிடிப்பதுதான் இல்லாமல் இருந்தது. படம் அதைக் கொடுத்தது. புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருப்பது, எலும்பு மெலிந்த பாட்டிக்குத் தும்மலிலேயே முள்ளெலும்பு நொறுங்குவது, தண்டுவடக் கட்டி எல்லாமே இப்படித்தான். இவற்றில் ஸ்கேன் எடுக்கத் தாமதித்தால் இழப்பு நோயாளிக்குத்தான்.

ஆனால் இடுப்பு வலியோடு சாதாரண கிளினிக்குக்கு வருகிறவர்களில் இப்படிப்பட்டவர்கள் மிகச் சிலர். பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, இன்னதுதான் காரணம் என்று ஒரு அமைப்பைச் சுட்டிக்காட்ட முடியாத வலி. அவர்களையும் அதே இயந்திரத்துக்குள் அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இது புதிதாகத் தெரிந்த சிக்கலும் அல்ல. 1968-இலேயே, காது நரம்பில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க மயலோகிராம் எடுத்த 300 பேரின் படங்களை ஹிட்செல்பர்கர் என்ற அமெரிக்க அறுவை மருத்துவரும் அவருடைய சகாவும் ஆராய்ந்தார்கள். முதுகு வலியோ கால் வலியோ இல்லாதவர்கள். அவர்களில் 37 சதவீதம் பேரின் படத்தில் ஜவ்வுக் கோளாறு இருந்தது. 1994-இல் வலி எதுவும் இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். எல்லா ஜவ்வும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் மட்டும். பாதிப் பேருக்கு மேல் ஜவ்வு புடைத்திருந்தது. 27 சதவீதம் பேருக்குப் பிதுங்கியே இருந்தது. பல நாட்டு ஆய்வுகளில் வலியில்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்து 2015-இல் வந்த கணக்கைப் பார்த்தால், 20 வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேருக்கு ஜவ்வு தேய்மானம். 80 வயதில் 96 சதவீதம். தலை நரைப்பதுபோல் ஜவ்வும் நரைக்கிறது. நரைத்த இடமெல்லாம் வலிப்பதில்லை.

வலி இருந்தவர்களிடமும் படம் முழு உண்மையைச் சொல்வதில்லை. காலில் இறங்கும் வலிக்குச் சிகிச்சை பெற்ற நோயாளிகளை நெதர்லாந்தில் ஓராண்டு கழித்து மீண்டும் ஸ்கேன் எடுத்தார்கள்; முடிவு 2013-இல் வந்தது. குணமானவர்களில் 35 சதவீதம் பேருக்குப் பிதுக்கம் இன்னும் படத்தில் இருந்தது. குணமாகாதவர்களில் 33 சதவீதம். படத்தை மட்டும் கையில் கொடுத்தால், யாருக்கு வலி போயிற்று என்று எவராலும் பிரித்திருக்க முடியாது.

படிக்கிறவர் கண்ணும் ஒன்றல்ல. அமெரிக்காவில் இடுப்பு வலியும் கால் வலியும் உள்ள 63 வயதுப் பெண் ஒருவரை மூன்று வாரத்துக்குள் 10 ஸ்கேன் மையங்களுக்கு அனுப்பினார்கள். 2017-இல் வந்த அந்த ஆய்வில், 10 ரிப்போர்ட்களிலும் சேர்த்து 49 விதமான குறைகள் எழுதப்பட்டிருந்தன. பத்திலும் பொதுவாக இடம்பெற்றது ஒன்றுகூட இல்லை. ரிப்போர்ட்டைக் கல்வெட்டாக நினைத்துக் கலங்குகிற குடும்பங்கள் இதை அறிய வேண்டும்.

கலங்குவது சிறிய விஷயமும் அல்ல. அது வலியையே மாற்றுகிறது. இதைக் காட்டியவர்கள் நம் கோயம்புத்தூர்க்காரர்கள். கங்கா மருத்துவமனையில் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழு, நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 44 பேரை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்கு எம்ஆர்ஐயில் கண்ட ஒவ்வொன்றையும் விளக்கினார்கள். மற்றவர்களிடம், "பயப்பட ஒன்றுமில்லை, வயதுக்கு ஏற்ற மாற்றங்கள்தான்" என்று தைரியம் சொன்னார்கள். சிகிச்சை ஒன்றுதான். ஆறு வாரம் கழித்துப் பார்த்தால், முழு விவரமும் கேட்டவர்களுக்கு வலி குறைந்தது குறைவு, தன் முதுகைப் பற்றிய பயம் அதிகம், நடமாட்டமும் மந்தம். 2021-இல் வெளிவந்த அந்த ஆய்வு, பயமுறுத்தும் சொற்கள் நிறைந்த ரிப்போர்ட் டாக்டர்களின் முடிவையும் ஆபரேஷன் பக்கம் தள்ளுகிறது என்றும் காட்டியது. எலும்பின் விளிம்பிலிருந்து டிஸ்குக்குச் சத்து எப்படிக் கசிந்து போகிறது என்று அதே எம்ஆர்ஐயை வைத்து 2004-இல் ஆராய்ந்து, முதுகுத்தண்டு ஆய்வில் உலகின் உயர்ந்த பரிசுகளில் ஒன்றைப் பெற்றதும் இதே குழு. இயந்திரத்தை நன்றாக அறிந்தவர்கள் சொல்லும் எச்சரிக்கை என்பதால் எனக்கு இது கூடுதல் எடை உள்ளதாகப் படுகிறது.

இதனால்தான் இன்றைய மருத்துவ வழிகாட்டுதல்கள், அபாய அறிகுறி இல்லாத இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரம் எக்ஸ்ரேயோ ஸ்கேனோ வேண்டாம் என்கின்றன. அவசரமாகப் படமெடுத்தவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2009-இல் லான்செட் இதழ் வெளியிட்ட முடிவிலும், வலியிலோ இயல்பு வாழ்க்கையிலோ வித்தியாசம் இல்லை. பிதுங்கிய ஜவ்வும் பெரும்பாலும் தானே சுருங்குகிறது. படத்தில் பார்க்கப் பயங்கரமாகத் தோன்றும், முழுதாகத் துண்டாகி விழுந்த ஜவ்வுதான் அதிகம் கரைகிறது. உடம்பு அதை வேற்றுப் பொருளாக எண்ணித் தின்றுவிடுகிறது. கால் வலியோடு வந்த பலர் அறுவையின்றித் தேறுவது இதனால்தான்.

ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றாலும், சீட்டில் 'இடுப்பு வலி' என்று மட்டும் எழுதி அனுப்பினால், படம் படிக்கும் டாக்டர் கண்ணில் பட்டதையெல்லாம் பட்டியல் போடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'வலது கால், எட்டு வாரமாக, பெருவிரல் மரத்திருக்கிறது, தூக்க வலுவில்லை' என்று எழுதியிருந்தால், வலப்பக்க ஐந்தாம் நரம்பு போகும் பாதையில் அவர் நின்று பார்ப்பார். அங்கே பிதுக்கம் இருந்தால் அது காரணம். இடப்பக்கம் இருந்தால் அது நரை. ஆபரேஷன் நல்ல பலன் கொடுப்பதும் அறிகுறியும் படமும் இப்படிப் பொருந்துகிறவர்களுக்குத்தான்.

ஆறு வாரம் என்ற கணக்கு எல்லாருக்கும் அல்ல என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. மாலையில் காய்ச்சல், இளைப்பு, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி உள்ளவர்கள், முன்பு காசநோயோ புற்றுநோயோ வந்தவர்கள், நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டவர்கள், வயதான காலத்தில் விழுந்தவர்கள், பாதம் நாளுக்கு நாள் வலுவிழந்து தரையில் தேய்கிறவர்கள் ஆகியோர் காத்திருக்கவே வேண்டாம். இடுப்பு வலியோடு சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, தெரியாமல் கசிந்தாலோ, மலம் போவது தெரியாமல் போனாலோ, பிட்டத்தையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போனாலோ, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்கக் கூடாது. அடிநரம்புக் கற்றை மொத்தமும் நசுங்குகிறது. சில மணி நேரங்கள்கூடக் கணக்கில் வரும். எம்ஆர்ஐ வசதியும் நரம்பு அறுவை டாக்டரும் உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த இரவே போக வேண்டும்.